தெரிந்தே போட்ட தப்பு

மைனஸ் ஒன்றுக்கு நேரே தர்ஷினி சைபர் என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பென்சிலை அங்கேயே வைத்துக்கொண்டு இருந்தாள், பார்த்தாயா என்று கேட்கிற மாதிரி. பூங்கோதை பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் வருஷக்கணக்காக டியூஷன் பிள்ளைகளின் நோட்டைத் திருத்திப் பழகிய கண் அது, தப்பு இருக்கிற இடத்துக்குத் தானாகவே போய் நிற்கும். எக்ஸ் ஸ்கொயர், மைனஸ் நாலு எக்ஸ், பிளஸ் மூணு. எக்ஸுக்கு மைனஸ் ஒன்றைப் போட்டால் முதலில் ஒன்று, அப்புறம் மைனஸும் மைனஸும் சேர்ந்து பிளஸ் நாலு, அதோடு ஒரு மூணு. எட்டு வர வேண்டும். இவள் நாலைக் கூட்டாமல் கழித்து வைத்திருக்கிறாள். பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் போடுகிற தப்புதான், உலகத்தில் யாரும் போடாததில்லை. ஆனால் இவள் போடுகிற தப்பா இது? சொல்லலாம். அந்த சைனைக் கொஞ்சம் பாரு என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொன்னால் 'ம்' என்பாள். ரப்பரை எடுத்துப் பொறுமையாக அழிப்பாள். எட்டு என்று எழுதுவாள். அடுத்த கணக்கில் வேறொரு இடத்தில் வேறொரு தப்பைப் போட்டுவிட்டு இதே மாதிரி பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காலையிலிருந்து இந்தக் கூத்துதான் நடக்கிறது. நாளைக்குக் கணக்குப் பரீட்சை, பள்ளிக்கூடத்துப் பரீட்சைகூட இல்லை, பப்ளிக். உள் அறையில் இளங்கோவன் கறிச்சோறு தின்ற மயக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திண்டுக்கல் வெயிலில் அப்பாக்களுக்கெல்லாம் அப்படித் தூக்கம் வருகிறது, பெண் ஃபெயிலாகப் போகிற கவலை சித்திகளுக்கு விடப்பட்டிருக்கிறது.

தெரியாமல் போடுகிற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம். தெரிந்தே போடுகிற பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? தெரிந்தேதான் போடுகிறாள், அதில் பூங்கோதைக்குச் சந்தேகமே இல்லை. அன்றைக்கு மொட்டை மாடியில் காய்ந்த துணி எடுக்கப் போனபோது தண்ணித்தொட்டிக்கு அந்தப் பக்கம் இவள் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். கூடப் படிக்கிற பிள்ளை யாரோ அழுதுகொண்டே கேட்டிருக்கிறது போல. 'ஏ, மொதல்ல அழுகைய நிறுத்துடி, இங்க கேளு. ரெண்டு ஈக்வேஷனையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு எழுதிக் கழி. ஸ்கொயர் போயிரும், நேர்கோடு மட்டும் மிஞ்சும். கோடு வளைவ எங்க தொடுதோ அதுதான் ஆன்சர். அவ்வளவுதான், இதுக்குப் போய் அழுகுற.' பூங்கோதை கொடியிலிருந்து எடுத்த துண்டோடு அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை சுருக்கமாக அவளாலேயே ஒருநாளும் சொல்லிக்கொடுக்க முடிந்ததில்லை. பெருமையாக இருந்தது. பெருமைப்பட நமக்கு என்ன உரிமை என்று உடனே வெட்கமாகவும் இருந்தது. சத்தம் போடாமல் கீழே இறங்கி வந்துவிட்டாள். மறுநாள்தான் திருப்புதல் தேர்வு. அந்தக் கணக்கே வந்திருந்தது. அழுத பிள்ளை முழு மார்க் வாங்கியது. சொல்லிக்கொடுத்தவள் முப்பத்தொன்று வாங்கி ஃபெயிலானாள். பேப்பரில் கையெழுத்துப் போடும்போது இளங்கோவன் மகளைப் பார்க்கவில்லை, பூங்கோதையைப் பார்த்தார். நீ இருந்துமா என்று அந்தப் பார்வை கேட்டது. நான் என்னங்க பண்ணுவேன், அவளுக்கு எல்லாம் தெரியுங்க என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பிறகு ஏன் இப்படிச் செய்தாள் என்று கேட்பார். ஏன் செய்தாள்? இந்த இடத்துக்கு வந்ததும் அவள் மனசு ஒவ்வொரு தடவையும் சண்டிமாடு மாதிரி நின்றுவிடுகிறது, அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைப்பதில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது.

என்னை அவமானப்படுத்தத்தான், வேறென்ன. கணக்கு மிஸ் வீட்டுப் பிள்ளை கணக்கில் ஃபெயில். தெருவில் நாலு பேர் சிரிக்கட்டும் என்றுதான். தர்ஷினி இப்போது அடுத்த கட்டங்களுக்குப் போய்விட்டாள், இரண்டுக்கு மைனஸ் ஒன்று என்று சரியாகவே எழுதினாள், மூன்றுக்கு சைபர், நாலுக்கு மூணு, எல்லாம் சரி. ஒரே ஒரு இடத்தில் மட்டும் விஷத்தை வைத்துவிட்டுப் பாக்கியை நல்லபிள்ளையாக எழுதுகிறாள். ஏழாம் வகுப்பில் டியூஷனுக்கு வந்தபோது எப்படி இருந்தாள்! தாயை இழந்த பிள்ளை என்று சொல்லித்தான் இளங்கோவன் கொண்டுவந்து விட்டார், கரண்ட் ஆபீஸ் காக்கிச் சட்டையோடு வாசலிலேயே நின்று, கொஞ்சம் பார்த்துக்கோங்க டீச்சர் என்றார். முதல் மாதம் முழுக்க வாயே திறக்கவில்லை. பின்னங்களுக்கு வந்தபோது திடீரென்று, மிஸ், இத தலைகீழாப் போட்டுப் பெருக்குறது ஏன்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு மிஸ் என்று கத்தினாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. அன்றிலிருந்து மிஸ், மிஸ் என்று புடவையைப் பிடிக்காத குறை. மழை நாளில் அவள் அப்பா வரத் தாமதமானால் அடுப்படிக்கே வந்து நின்று பேசுவாள். தாமதங்கள் வாடிக்கையாயின. தாமதமாக வந்தவர் ஒருநாள் ஒரு டம்ளர் டீ குடித்தார். பிறகு நடந்ததையெல்லாம் ஊர் தன் வாய்க்கு வந்தபடி பேசியது. கல்யாணப் பந்தியில் இளங்கோவனின் அக்கா பாயசத்தை ஊற்றிக்கொண்டே, 'எந்தம்பி கெட்டிக்காரன்தான், டியூஷனுக்கு ஆள் தேடுனான், வீட்டுக்கே கூட்டிக்கிட்டு வந்துட்டான்' என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். பக்கத்து இலையில் தர்ஷினி உட்கார்ந்திருந்தாள். பூங்கோதை அவளைப் பார்த்தாள். அவள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். தன்னால்தான், தன் கணக்கால்தான் இது நடந்தது என்று அந்தப் பிள்ளை அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்து முடிவு பண்ணியிருக்குமோ? அன்றோடு மிஸ் போனது. சித்தி என்று கூப்பிடச் சொன்னார்கள், கூப்பிடவில்லை. வாங்க, போங்க, சாப்பாடு ஆச்சா, இவ்வளவுதான். பேர் இல்லாத ஆளாக இந்த வீட்டில் நடமாடுவது எப்படி இருக்கும் என்று யாரும் பூங்கோதையைக் கேட்டதில்லை.

பேர் இல்லாததைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அந்த உப்பு ஜாடியைத்தான் பொறுக்க முடியவில்லை. பூங்கோதை அடுப்புக்கு வலது பக்கம், கைக்கு எட்டுகிற மாதிரி வைப்பாள். திரும்பி வந்தால் ஜாடி ஜன்னல் மேடையில் இருக்கும். யார் வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. சுமதி, இந்தப் பிள்ளையைப் பெற்றவள், அங்கேதான் வைப்பாளாம். பூங்கோதை மறுபடி வலது பக்கம் வைப்பாள், அது மறுபடி ஜன்னலுக்குப் போய்விடும். சண்டை இல்லை, ஒரு வார்த்தை இல்லை, மாதக்கணக்கில் ஜாடி மட்டும் நடந்துகொண்டிருந்தது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு ஒருநாள் அழுகை வந்தது. உப்பில்லாமல் குழம்பை இறக்கிவிட்டு, அதே ஆத்திரத்தில், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் இளங்கோவனிடம் சொன்னாள். பேசாம பதினொண்ணாவதுக்கு ஹாஸ்டல்ல போட்டுட்டா என்னங்க, நாமக்கல் பக்கம் எல்லாரும் போடுறாங்கள்ல, அவ படிப்பும் நல்லாருக்கும், வீடும் கொஞ்சம் நிம்மதியா இருக்கும். சொன்னது அவ்வளவுதான். சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை. முதலில் அவர் முகம் சுருங்கியது, ஒற்றைப் பிள்ளையை எப்படி அனுப்புவது என்றார். பிறகு ஆபீஸில் யாரையோ விசாரித்தார், பள்ளிக்கூடத்துப் படம் போட்ட காகிதம் ஒன்றை வாங்கி வந்தார், இரண்டு வாரத்தில் அது அவருடைய சொந்த யோசனையாகவே ஆகிவிட்டது. அவர் அப்படித்தான், வீட்டுக்கு வந்து சேர்கிற எதையும் தன்னுடையதாக்கிக்கொள்வார். தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது கூடத்தில் அவர் மகளிடம் சொன்னது கேட்டது. 'பத்தாவதுல மட்டும் நல்ல மார்க் எடுத்துரு தங்கம், அப்பா ஒன்ன பெரிய ஸ்கூல்ல கொண்டுபோய்ச் சேக்குறேன். பாத்ரூமெல்லாம் டைல்ஸு.' ஏதோ சைக்கிள் வாங்கித் தருகிற மாதிரி சொன்னார். பரிசாம். நல்ல மார்க் எடுத்தால் வீட்டை விட்டு அனுப்புவதுதான் பரிசு. கல்லில் தோசை கருகியது. அந்த மாதம்தான் தர்ஷினியின் மார்க் இறங்கத் தொடங்கியது.

அந்த மாதம்தான். எதிரே தர்ஷினி கிராஃப் தாளில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். ஐந்துக்கு எட்டு, மேலே. நாலுக்கு மூணு. கீழே இறங்கி, மைனஸ் ஒன்றைத் தொட்டு, மறுபடி ஏறி, சைபருக்கு மூணு. அடுத்த புள்ளி இன்னும் மேலே போக வேண்டும், எட்டுக்குப் போக வேண்டும். பென்சில் கீழே வந்து கோட்டின் மேலேயே ஒரு புள்ளி வைத்தது. கிண்ணம் மாதிரி வரவேண்டிய வளைவு ஒரு பக்கம் மட்டும் ஒடிந்து தொங்கியது. எந்தக் குருடனுக்கும் தெரியும் இது தப்பென்று, போட்ட இவளுக்குத் தெரியாதா? நல்ல மார்க் எடுத்தால் ஹாஸ்டல். எடுக்காவிட்டால்? எடுக்காவிட்டால் எந்த ஹாஸ்டலிலும் சேர்க்க மாட்டார்கள். எத்தனை சுலபமான கணக்கு, இரண்டு வரியையும் ஒன்றுக்குக் கீழ் ஒன்று எழுதிக் கழித்தால் தெரிந்திருக்கும். இத்தனை நாள் மனசு வந்து வந்து நின்று திரும்பியதே, அது தெரியாததால் திரும்பியதில்லை. அந்தக் கணக்கின் முதல் வரியை எழுதியது யார் என்று தெரிந்ததால்தான் திரும்பியது. நாளைக்கு ஹாலில் உட்கார்ந்து இந்தப் பிள்ளை இதே மாதிரி ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு புள்ளியைக் கீழே வைத்துவிட்டு வரப்போகிறாள். ஒரு வருஷம் போகும். பெயர் போகும். கூடப் படித்த பிள்ளைகளெல்லாம் மேலே போக, இவள் அதே புத்தகத்தை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார வேண்டும். அத்தைக்காரி ஒருத்தி போதும், ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். அத்தனையும் தெரிந்து, தெரிந்தே, வாயை மூடிக்கொண்டு புள்ளி வைக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எந்த முகத்தோடு சொல்வாள், நான் யார் அவளுக்கு? பேசிவிட வேண்டும். பேசினால் யார் முதலில் சொன்னது என்ற கேள்வி வரும். அது தெரிந்த அன்றைக்கு இந்த வீட்டில் எனக்கு மிச்சமிருக்கிற வாங்க, போங்ககூட இருக்காது. பேசாவிட்டால் நாளைக்குப் பரீட்சை. ஃபேன் மேலே கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது, காற்று மட்டும் வரவில்லை. குடிக்கத் தண்ணீர் எடுக்கலாம் என்று எழுந்தவள் எழுந்த இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"எட்டு வரணும்னு உனக்குத் தெரியும்ல?" என்றாள். தன் குரல் டியூஷன் குரலாக வந்ததில் அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

"தெரியும்" என்றாள் தர்ஷினி. ரப்பரைத் தேடக்கூட இல்லை.

"தெரிஞ்சுக்கிட்டேதான் போட்டியா?"

"ம்."

"நாளைக்கும் இப்படித்தான் போடப்போறியா?" அவள் பென்சில் முனையை அந்தப் புள்ளியின் மேலேயே அழுத்தினாள். "தர்ஷினி, அந்த ஹாஸ்டலுக்குப் போக உனக்கு இஷ்டமில்லையா?"

அவள் நிமிர்ந்தாள். கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு. "என் இஷ்டத்த யாரு கேட்டா?"

"இப்ப நான் கேக்குறேன்."

"பரீட்சைய நாளைக்கு வச்சுக்கிட்டு இன்னைக்கு வந்து கேக்குறீங்க" என்றாள். உதடு நடுங்கியதைப் பல்லால் பிடித்து நிறுத்தினாள். "ஃபெயிலானா சேக்க மாட்டாங்கள்ல. இங்கயே இருக்கலாம்ல. இது எங்கம்மா இருந்த வீடு. நானும் போயிட்டா அப்புறம் எங்கம்மாவுக்குன்னு இங்க யாரு இருப்பா?"

வீட்டில் ஓர் இடத்துக்காகச் சண்டை போட்டது தான் ஒருத்திதான் என்று பூங்கோதை நினைத்துக்கொண்டிருந்தாளே, எதிரே இருந்ததும் அதே சண்டைதான். ஒரு பிள்ளை தன் வருஷத்தையே தூக்கி எறிந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அந்தக் கையை நானல்லவா பிரிக்கப் பார்த்தேன். "அப்பாகிட்ட நான் சொல்றேன், ஹாஸ்டல் வேண்டாம்னு" என்றாள்.

"அப்பாவுக்குத்தான் அந்த ஆசை. நீங்க சொன்னா கேப்பாரா?"

கேட்பார். ஏன் கேட்பார் என்பதைத்தான் இவளிடம் சொல்ல முடியாது. எழுந்து உள் அறைக்குப் போனாள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போய் அதைச் சாத்திவிட்டால் போதும். புருஷனும் பெண்டாட்டியும் பேசுவதற்குக் கதவைச் சாத்துவது உலகத்தில் நடக்காததா? சாத்திவிட்டால் அவர் என்ன சொன்னாலும் சுவரோடு போகும், வெளியே வந்து, அப்பா சரின்னுட்டார் என்று சொல்லிவிடலாம், பிள்ளை நிம்மதியாகப் பரீட்சை எழுதும், சித்தி நல்லவள் என்றுகூட ஒருநாள் நினைக்கும். கை கதவு வரைக்கும் போனது. மரம் வெயிலில் சூடேறிக் கிடந்தது. இதையும் சாத்திவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் சாத்திக்கொண்டேதான் இருக்க வேண்டும், எந்த நேரம் யார் வாயிலிருந்து வரும் என்று ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் பயந்துகொண்டு. கையை எடுத்துக்கொண்டாள். "என்னங்க" என்று தோளைத் தொட்டாள்.

"டீயா?" என்றார் இளங்கோவன், கண்ணைத் திறக்காமல்.

"டீ இல்ல. தர்ஷினிய ஹாஸ்டல்ல போட வேண்டாங்க. இங்கயே படிக்கட்டும்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். தூக்கத்தில் எழுப்பினால் அவருக்குக் குரல் எப்போதும் பெரிசாகத்தான் வரும், லைன்மேன்களிடம் கத்திக் கத்திப் பழகிய குரல். "என்ன வெளையாட்டு இது? நீதானம்மா மொதல்ல சொன்ன? போட்டுட்டா வீடு நிம்மதியா இருக்கும்னு நீதான் சொன்ன. இப்ப வேண்டாங்குற."

கூடத்தில் நாற்காலி ஒன்று நகர்ந்து நின்றது. மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. பூங்கோதை அதை விழுங்கினாள். முதுகில் இரண்டு கண்கள் பதிந்திருப்பது போலக் கூசியது. கூடத்துக்கும் கேட்கிற குரலிலேயே சொன்னாள்: "ஆமாங்க, நான்தான் சொன்னேன். சொன்னது தப்பு. அவ இங்கதான் இருக்கணும்."

இளங்கோவன் அவளைப் பார்த்தார், திறந்த கதவைப் பார்த்தார். "அவ கேட்டுட்டாளா?" என்றார், இப்போதுதான் குரலைத் தணித்து.

"கேட்டிருப்பா" என்றாள் பூங்கோதை. "ஹாஸ்டல் இல்லைன்னு நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க, அவளுக்குக் கேக்குற மாதிரி."

அவருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் மனைவியின் முகத்தில் எதைப் பார்த்தாரோ, இருந்த இடத்திலிருந்தே, "இஷ்டமில்லைன்னா வேணாம் தங்கம், இங்கயே படி" என்று சத்தம் கொடுத்தார்.

அங்கிருந்து கூடத்து மேஜைக்குப் போக நாலு எட்டுதான். அந்த நாலு எட்டில் அவளுக்கு எதுவும் யோசனையில் வரவில்லை. வந்ததெல்லாம் பயம்தான். பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டுப் போயிருப்பாள், மாடிக்குப் போயிருப்பாள், அத்தைக்குப் போன் போட்டிருப்பாள். தர்ஷினி எங்கேயும் போகவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, கைகளைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தாள் பூங்கோதை. அழுகை இல்லை. கோபத்தில் முகமெல்லாம் சிவந்து கிடந்தது.

"அப்பான்னு நெனச்சேன்" என்றாள். "இத்தன நாளா அப்பா மேலதான் கோவமா இருந்தேன். அவருகூடச் சரியாப் பேசக்கூட இல்ல."

மன்னித்துவிடு என்று வாயால் சொன்னால் அது ரொம்ப மலிவாக இருக்கும். "இனிமே என் மேல கோவப்படு" என்றாள் பூங்கோதை.

"படத்தான் போறேன்."

"சரி."

உள் அறையில் கட்டில் கிறீச்சிட்டது. தர்ஷினி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "நாளைக்கு ஒழுங்கா எழுதுவேன்" என்றாள். "உங்களுக்காக இல்ல."

"சரி."

"அடுத்த கணக்க சொல்லுங்க."

பூங்கோதை புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துப் பக்கத்தைத் திருப்பினாள். எழுத்தெல்லாம் கலங்கித் தண்ணீரில் கிடந்தது. இமையை அழுத்தி மூடித் திறந்தாள், மறுபடி கலங்கியது. ஒரு வார்த்தைகூட வாசிக்க முடியவில்லை. எதிரே இருந்தவள் பொறுத்துப் பார்த்தாள், பிறகு வெடுக்கென்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். அந்தக் கணக்கை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரைக்கும், யாரையோ திட்டுகிற மாதிரி, சத்தமாக அவளே வாசித்தாள். பூங்கோதை எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.